மூன்றாவது கை

நம் திங்களிதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு ஆசிரியர் அன்பர் ஈராண்டுகளாக என்னைக் கேட்டு வருகிறார். நான் எழுத்தாளன் அல்லன். நாற்பதாண்டுக் காலம் புகைப்பட நிலையங்களில் விளக்குத் தூக்கிப் பிழைத்தவன். கதையோ கவிதையோ என்னிடம் இல்லை என்றேன். "தெரிந்ததை எழுதுங்கள், அது போதும்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று: விளக்கை எங்கே வைப்பது, காமிராவை எங்கே வைப்பது, அவ்விரண்டும் கீழே விழாமல் எப்படி நிறுத்துவது. முதலிரண்டைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். மூன்றாவதைப் பற்றி எழுதுவோர் அரியர். அந்த மூன்றாவதில் நான் தவறியதால் நேர்ந்த தீங்கு ஒன்று இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன்.

1971-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் வண்டி மாறித் தாதரில் வந்து இறங்கினேன். ஊர்க்காரர் ஒருவர் என்னை ஒரு புகைப்பட நிலையத்தில் சேர்த்துவிட்டார். சேலை, பாத்திரம், சோப்புக்கட்டி முதலியவற்றை விளம்பரத்துக்காகப் படம் எடுக்கும் இடம் அது. அங்கே தலைமைப் பணியாளராக இருந்தவர் மராத்தியர். அவரை யாவரும் 'தாதா' என்றே அழைப்போம். எனக்கு மராத்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முதல் நாளே அவர் எனக்கு ஒரு பாடம் கற்பித்தார். ஓர் இரும்பு நிலைக்காலை என் முன் நிறுத்தி, அதன் தலையில் இருந்த திருகைக் காட்டி, பிறகு என் வலக்கையைப் பிடித்து உயர்த்தி, "உஜவா ஹாத்" என்றார். வலக்கை என்று பொருள். அதன் முழுப் பொருள் விளங்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதை மறந்ததன் பயன் விளங்க நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

காமிராவையும் விளக்கையும் தாங்கும் கைகளைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். முக்காலியின் மேல் வைத்த காமிரா எதிரே இருப்பதை நன்றாகப் பார்க்கும். மேசைமேல் விரித்த காகிதத்தையோ, இலையில் பரிமாறிய சோற்றையோ நேர் மேலிருந்து பார்க்க வேண்டுமானால் முக்காலி பயன்படாது; அதன் கால்களே படத்தில் விழும். அப்பொழுது பக்கத்திலிருந்து நீண்டு வந்து தாங்கும் ஒரு கை வேண்டும். மனிதனுக்கு இருப்பவை இரண்டு கைகள். இது மூன்றாவது கை.

இந்த மூன்றாவது கையின் தத்துவம் நம் முன்னோர் அறியாததன்று. எங்கள் ஊர்த் தோட்டத்தில் துலாக் கிணறு ஒன்று இருந்தது. கவட்டை மரத்தின்மேல் நீண்ட கழி. அதன் முன் முனையில் கயிறும் வாளியும், பின் முனையில் கட்டிய கல். அந்தக் கல்லின் கனத்தால் சிறுவனான நானும் எளிதாக நீர் இறைத்தேன். இன்று படப்பிடிப்பு நிலையங்களில் விளக்கை நடுவானில் ஏந்தி நிற்கும் நீண்ட கழிகளும் அதே துலாதான். கல்லுக்குப் பதில் மணல் மூட்டை கட்டுகிறார்கள், அவ்வளவே.

கல் கட்டாமலே நிற்கும் கையை ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் அமைத்தார். ஜார்ஜ் கார்வார்டைன் என்பது அவர் பெயர். மோட்டார் வண்டிகளின் ஸ்பிரிங் அமைப்புகளை ஆராய்ந்த அவர், மடக்கி நீட்டி எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும் விளக்குக்கு 1932-இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 'ஆங்கிள்பாய்ஸ்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. இன்று வானொலி நிலையங்களிலும், வீட்டிலிருந்தே பேசி ஒலிப்பதிவு செய்யும் இளைஞர்களின் மேசைகளிலும் மைக்கைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் கைகள் பலவும் அதன் வழிவந்தவையே.

மூன்றாவது வகை, உராய்வால் நிற்பது. இத்தாலி நாட்டின் பஸ்ஸானோ நகரத்துப் புகைப்படக்காரரான லீனோ மான்ஃப்ரோட்டோ நிறுவிய தொழிலகம் இவ்வகைக் கைகளுக்குப் பேர்போனது. இரண்டு குழாய்கள், நடுவே முழங்கை போன்ற மூட்டு, இரு முனைகளிலும் தோள்மூட்டைப் போன்ற பந்துக் கிண்ண மூட்டுகள். முழங்கையிலுள்ள ஒரே பிடியை இறுக்கினால் போதும். குழாய்களுக்குள் ஓடும் தண்டுகள் இரு முனைப் பந்துகளையும் அழுத்த, மூன்று மூட்டுகளும் ஒருங்கே கல்லாகிவிடும். பிடியைத் தளர்த்தினாலோ மூன்றும் ஒருங்கே துவண்டுவிடும். அவ்வசதியே அதன் ஆபத்தும் ஆகும். ஒரு கையால் காமிராவைத் தாங்கிக்கொள்ளாமல் பிடியைத் தளர்த்துகிறவன் காமிராவை இழப்பான்.

இவற்றுள் எங்கள் நிலையத்தில் மிகுதியாகப் புழங்கியது நான்காவது வகை. 'செஞ்சுரி ஸ்டாண்டு' என்பர். மூன்று கால்களுடைய நிலைக்காலின் உச்சியில் ஒரு வட்டத் தலை. அத்தலையின் பள்ளத்தில் செருகி இறுக்கிய நாற்பது அங்குல இரும்புக் கம்பி. அந்நாளில் வெளிநாட்டுச் சரக்குக் கிடைப்பது அரிது. ஆதலால் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்குவோம். எந்த நாட்டுக் காமிராவாயினும் அடியிலுள்ள துளை மட்டும் பெரும்பாலும் ஒன்றே: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு இருபது புரி. 1971-இல் நான் இறுக்கிய திருகாணி இன்றைய காமிராவிலும் பொருந்துகிறது. மாறாத பொருள் இவ்வுலகில் சில உண்டு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

தாதா கற்பித்த பாடம் இதுதான். திருகை நம்மை நோக்கியிருக்கும்படி நிலைக்காலை நிறுத்த வேண்டும். கம்பி வலப்பக்கமாக நீள வேண்டும். அப்பொழுது கம்பி முனையில் தொங்கும் பாரம் கீழே இழுக்கும்போது, வட்டத் தலை கடிகார முள் சுழலும் திசையில் திரும்ப முயலும்; திருகு இறுகும் திசையும் அதுவே. அதாவது, பாரமே தன் பிடியை இறுக்கிக்கொள்ளும். கம்பி இடப்பக்கம் நீண்டாலோ, அதே பாரம் அதே திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும். உடனே விழாது, நம் கண்ணெதிரே அசையாமல் நின்று, நாம் மறந்த வேளையில் விழும்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்திவரும் ஆசிரியை அம்மையாரை யாவரும் அறிவீர்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான் வசிக்கும் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வகுப்பு நின்றது. சில வாரங்களில் அவர் கைப்பேசியின் வழியே வகுப்பைத் தொடங்கினார். பதினான்கு குழந்தைகள் சேர்ந்தனர்.

கைப்பேசியை எதிரே ஒரு தம்ளரில் சாய்த்து வைத்து, மேசைமேல் காகிதத்தை வைத்து அவர் எழுதுவார். ஒரு நாள் மாடிப்படியில் என்னைக் கண்டு, "அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு எழுத்தெல்லாம் தலைகீழாத் தெரியுதாம். எழுதி முடிச்சுத் தூக்கிக் காட்டினா, எங்கே ஆரம்பிச்சேன்னு தெரியலைங்காங்க. ரெண்டு பேரு வகுப்புக்கு வர்றதையே விட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு போனா இதை மூடிர வேண்டியதுதான்" என்றார்.

எழுத்து என்பது வடிவம் மட்டுமன்று; வழியும் ஆகும். 'ழ' என்னும் எழுத்தைப் பார்த்து வரைவது வேறு, எழுதுவது வேறு. எழுதும் கையை மேலிருந்து பார்த்தாலன்றிக் குழந்தைக்கு அந்த வழி விளங்காது. ஊரில் நம் தாத்தாமார் நம் பின்னால் அமர்ந்து, நம் விரலைப் பிடித்து, அரிசியில் எழுதுவித்தனரே, அவர்கள் பார்த்ததும் நம் தோளுக்கு மேலிருந்துதான்.

நான் பரணிலிருந்து பழைய உராய்வுக் கை ஒன்றை எடுத்துச் சென்று, அவருடைய மேசை விளிம்பில் பூட்டி, முனையில் கைப்பேசியை மாட்டினேன். படம் நேராகத் தெரிந்தது. ஆனால் அவர் எழுத எழுத மேசை அசைந்தது, மேசையோடு கையும் அசைந்தது. குழந்தைகளுக்குத் தலை சுற்றியது. அடுத்த வாரம் மேசையைத் தொடாமல் தனியே நிற்கும் செஞ்சுரி ஸ்டாண்டைக் கொண்டு சென்றேன். அத்தோடு என் பெருமையும் கூடவே சென்றது. கைப்பேசி எதற்கு, நல்ல காமிராவே இருக்கட்டும் என்று, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள என் காமிராவைக் கம்பி முனையில் மாட்டினேன். படம் மிகத் தெளிவாக இருந்தது. பெற்றோர் பாராட்டினர்.

அறை சிறியது. மேசைக்கு வலப்புறம் நிலைக்கால் நின்றது. அதற்கு அப்பால் அலமாரி. கம்பி இடப்புறமாக நீண்டு மேசைக்கு மேல் வர வேண்டியிருந்தது. திருகு என்னை நோக்கி இருந்தது. தலையைப் பின்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தால் திருகு மறுபக்கம் போய், பாரம் இறுக்கும் திசையில் இழுத்திருக்கும். ஆனால் அலமாரியின் இடுக்கில் கையை விட்டுத் திருகுவது தொல்லை. "ஒரு மணி நேர வகுப்புத்தானே" என்று எண்ணினேன். காலடியில் ஐந்து கிலோக் கோதுமை மாவுப் பையை வைத்து, சாயாது என்று தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியுடன் அமர்ந்தேன்.

நிலைக்கால் சாயவில்லை. மூன்றாம் ஞாயிறு, வகுப்புத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கம்பி சட்டென்று தலையைச் சுற்றிக் கீழிறங்கியது. காமிரா எழுதிக்கொண்டிருந்த வலக்கையின் மேலேயே விழுந்தது. புறங்கை எலும்பில் விரிசல். ஐந்து வாரம் கட்டுப் போட வேண்டும் என்றார் மருத்துவர்.

அன்று நான் சொன்ன சொல்லை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவருடைய மகன் பதறி வந்து கேட்டபோது, "திருகு பழசு தம்பி, புரி தேய்ந்திருக்கும்" என்றேன். அன்றிரவு அத்தலையைப் பிரித்துத் துடைத்து விளக்கொளியில் பார்த்தேன். புரி சிறிதும் தேயவில்லை. என் வலக்கையைப் பிடித்து உயர்த்திய தாதாவின் முகம் நினைவில் வந்தது. அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

மறுநாட் காலை கீழே சென்று, "டீச்சர், திருகு மேல குத்தமில்லை. நான் மாட்டின பக்கம் தப்பு. தெரிஞ்சே சோம்பல் பட்டேன்" என்று சொன்னேன்.

அவர் சிறிது நேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது இருக்கட்டும் அண்ணாச்சி. வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்ய?" என்றார்.

செய்வதற்கு ஒன்றே இருந்தது. ஆசிரியையின் கை எழுத முடியாது. ஆகவே குழந்தைகளின் கைகள் எழுத வேண்டும், அவர் பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு ஒவ்வொரு வீட்டிலும் தாயோ, தந்தையோ, பாட்டியோ கைப்பேசியைக் குழந்தையின் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டனர். அப்பொழுதுதான் அவ்வளவு நாளும் தெரியாதிருந்தவை தெரிந்தன. ஒரு சிறுமி 'ழ'வின் கீழ்வாலை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு மேலே ஏறினாள். ஒரு பையன் முதலில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இட்டு, அதிலிருந்து தமிழெழுத்துகளைத் தொங்கவிட்டு எழுதி, முடிந்ததும் கோட்டை அழித்துவிட்டான். பள்ளியில் இந்தியும் மராத்தியும் எழுதிப் பழகிய கை! எழுதி முடித்த தாளை மட்டும் பார்த்தவருக்கு இவை ஒருநாளும் தெரிந்திரா. "இத்தனை மாசமா நான் என் கையைத்தான் காட்டினேன் அண்ணாச்சி, பிள்ளைக கையைப் பார்க்கவே இல்லை" என்றார் அம்மையார்.

ஆனால் ஒரு மணி நேரம் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க எந்தப் பாட்டியால் முடியும்? ஆகவே வீட்டுக்கு வீடு மூன்றாவது கை தேவைப்பட்டது. நம்மவர் வீடுகளில் பத்தடி அறையே உலகம். மேசை இல்லாத வீடுகளும் உண்டு. தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் வீட்டு அமைப்பைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். ஒரு வீட்டில் சன்னல் கம்பி; ஒரு வீட்டில் சமையலறைத் தட்டின் விளிம்பு; ஒரு வீட்டில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் குறுக்கே கட்டிய துடைப்பக் கழி. கடைகள் திறந்தபின் சிலர் வளையும் கழுத்துடைய கைப்பேசித் தாங்கிகளை வாங்கினர். வகுப்பைவிட்டு நின்ற இரு குழந்தைகளில் ஒருத்தி திரும்பி வந்தாள்.

அன்று அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கும் சொல்லிவைக்கிறேன்; மடைப்பள்ளிக் கலையோ மாக்கோலமோ படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் இல்லத்தரசிகளுக்கும் பயன்படலாம்.

முதலாவது, தாங்கும் கை எதைத் தொட்டு நிற்கிறதோ, அது நாம் வேலை செய்யும் பலகையாக இருத்தலாகாது. பலகை அசைந்தால் படமும் அசையும். இரண்டாவது, கையை வேண்டிய அளவுக்கு மேல் நீட்டாதீர்கள். ஓரடி தொலைவில் ஒரு கிலோ இழுக்கும் இழுப்பும், இரண்டடித் தொலைவில் அரைக் கிலோ இழுக்கும் இழுப்பும் ஒன்றே. நீளம் இரட்டித்தால் அதே பாரம் இரட்டிப்பாகும். மூன்றாவது, மூன்று கால் உள்ள நிலைக்காலானால், ஒரு கால் பாரம் தொங்கும் திசையிலேயே நீண்டிருக்க வேண்டும். செஞ்சுரி ஸ்டாண்டில் உயரமான கால் பாரத்துக்குக் கீழ் வரவேண்டும். எடைப் பையையும் அந்தக் காலின் மேலேயே வைக்க வேண்டும். நான்காவது, மூட்டைத் தளர்த்துமுன் மற்றொரு கையால் பாரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாவது, விளக்கு எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வலக்கையால் எழுதுவோர்க்கு இடப்புறம். இல்லையேல் கையின் நிழலே எழுத்தை விழுங்கும். ஆறாவது, தலைக்கோ கைக்கோ மேலே எதைத் தொங்கவிட்டாலும், திருகை மட்டும் நம்பாமல் ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். திருகு ஏமாற்றினாலும் கயிறு ஒரு சாண் இறங்கவிட்டு நிறுத்தும். அன்று அந்தக் கயிறு இருந்திருந்தால் அம்மையாரின் எலும்பு தப்பியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் பிடியை இறுக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

பாரம் சிறியது என்பதால் விதியைத் தளர்த்தலாம் என்று எண்ணினேன். அதுவே என் பிழை. நிலையத்தில் விலையுயர்ந்த காமிராக்களுக்குக் காட்டிய கவனத்தை, ஒரு மூதாட்டியின் எழுதும் கைக்கு மேலே தொங்கிய காமிராவுக்கு நான் காட்டவில்லை. சம்பளம் வாங்கிச் செய்த வேலையில் இருந்த அச்சம், தொண்டாகச் செய்த வேலையில் இல்லாமற் போயிற்று. சங்கப் பணிகளில் ஈடுபடும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஐந்து வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். மழைக் காலத்தில் இன்றும் அவ்விடம் வலிக்கிறது என்று அம்மையார் சொல்வதுண்டு. 2022 முதல் வகுப்பு மீண்டும் சங்க மண்டபத்தில் நடக்கிறது. ஆயினும் அந்த இரும்புக் கை ஓய்வு பெறவில்லை. வகுப்பின் முற்பகுதியில் அம்மையார் எழுதுவது சுவரில் பெரிதாகத் தெரியும். பிற்பகுதியில் ஒவ்வொரு குழந்தையாக அதன் கீழ் வந்து எழுத, அவர் அருகில் நின்று பார்ப்பார். கோடிட்டு எழுத்தைத் தொங்கவிட்ட பையன் இப்பொழுது கோடில்லாமல் எழுதுகிறான். நம் இதழின் முகவரிச் சீட்டுகளில் பாதி அவன் கையெழுத்தே.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு உண்டு. நான் ஒன்பதரைக்கே சென்றுவிடுவேன். கம்பியை வலப்பக்கம் மாட்டி, கயிற்றைக் கட்ட வேண்டும்.